மச்சான் பட்டறையில் ஒரு பேக்பிளேட்

கேள்வி: இரண்டு வருடமாகப் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் போய்க்கொண்டிருக்கிறேன். வாடகை ஜாக்கெட்டை விட்டுவிட்டு பேக்பிளேட் (முதுகுத் தகடு), விங் (அதோடு சேரும் காற்றுப்பை) முறைக்கு மாற ஆசை. விங்கும் நாடாவும் வாங்கிக்கொள்வேன். முதுகுத் தகட்டை மட்டும் சொந்தமாகச் செய்தால் என்ன? மச்சானுக்கு கணபதியில் ஷீட் மெட்டல் பட்டறை இருக்கிறது. 6 மி.மீ. எஸ்.எஸ். தகடு மிச்சம் கிடக்கிறதாம். “கனமாகவே அடித்துக் கொடுத்துவிடுகிறேன், ஈய பெல்ட்டே வேண்டியிருக்காது” என்கிறார். இப்போது அலுமினியம் 80 சிலிண்டர், 3 மி.மீ. சூட், பெல்ட்டில் 4 கிலோ ஈயத்தோடு இறங்குகிறேன். செய்யலாமா?
– வாசகர், கோவை

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த 6 மி.மீ. தகட்டை மச்சான் வேறு எதற்காவது வைத்துக்கொள்ளட்டும்.

கணக்கைப் பாருங்கள். பேக்பிளேட்டுக்கு ஏறக்குறைய 375 x 300 மி.மீ. அளவில் ஒரு துண்டு வேண்டும். 3 மி.மீ. எஸ்.எஸ். என்றால், துளைகளைக் கழிக்காமல், 2.7 கிலோ. கடல் நீரில் அது 2.3 கிலோ சொச்சமாக இழுக்கும். அதே துண்டு 6 மி.மீ. ஆனால் 5.4 கிலோ, நீரில் 4.7. உங்கள் பெல்ட்டில் இருக்கும் 4 கிலோ ஈயமோ நீரில் 3.6 கிலோதான் இழுக்கிறது. இதில் இன்னொன்றும் சேர்கிறது: ஜாக்கெட்டின் பஞ்சும் துணியும் கொஞ்சம் மிதக்கும், அந்த மிதப்பைச் சமாளிக்கவும் ஈயம் போட்டிருப்பீர்கள். ஜாக்கெட் போனால் அந்த ஈயமும் தேவையில்லை. ஆக 6 மி.மீ. தகடு தேவைக்கு மிஞ்சின கனம். அதைவிட முக்கியம், ஆபத்தில் பெல்ட்டைக் கழற்றிப் போடலாம், முதுகுத் தகட்டைப் போட முடியாது. 3 மி.மீ. போதும். உங்கள் 4 கிலோவில் இரண்டரையை அது விழுங்கிவிடும், மீதியும் பெரும்பாலும் போய்விடும்.

விமானத்தில் அடிக்கடி பறப்பவர் என்றால் 3 மி.மீ. அலுமினியம், வெறும் 900 கிராம். உங்களுக்கு எஸ்.எஸ். தான் சரி.

எந்த எஸ்.எஸ்.? இங்கேதான் பட்டறைகளில் ஏமாறுவோம். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல சரக்கு என்று ஒரு நம்பிக்கை உண்டு. 202 ரகத்துக்கும் காந்தம் ஒட்டாது, 304 ரகத்துக்கும் ஒட்டாது. ஆனால் 202 உப்புத் தண்ணீரில் சீக்கிரமே பழுப்பு பூக்கும். இரும்புக் கடைகளில் ஒரு சொட்டு ரசாயனமும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்து நிறம் பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது. தகட்டை வாங்கும்முன் அதைப் போடச் சொல்லுங்கள். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பு குடைந்து புள்ளி விழுவதை நன்றாகத் தாங்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுபவருக்கு 304 போதும். அலசாமல் பைக்குள் திணித்துவிட்டு கோவைக்கு பஸ் ஏறுபவர் 316 வாங்குவது நல்லது.

இனி வடிவம். வட ஃப்ளோரிடாவின் நீருக்கடிக் குகைகளில் இறங்கியவர்கள் உண்டாக்கிய பொருள் இது. 1979-இல் கிரெக் ஃப்ளானகன் செய்ததாகச் சொல்வார்கள். முதுகில் இரட்டை சிலிண்டர் சுமந்தவர்கள் அவர்கள். தகட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு மேடு இருப்பது அதனால்தான். மேடு இரண்டு சிலிண்டருக்கும் நடுவே போய் உட்காரும். உங்கள் முதுகுப் பக்கம் அதுவே பள்ளம்; போல்ட்டின் முனையும் வண்ணத்துப்பூச்சி நட்டும் அந்தப் பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்வதால் முதுகில் குத்தாது. நடுக்கோட்டில் இருக்கும் இரண்டு போல்ட் துளைகளின் மையத்துக்கு மையம் 11 அங்குலம், அதாவது 279 மி.மீ. உலகம் முழுக்க இதுதான் அளவு. இன்று ஒற்றை சிலிண்டர் போதும் என்றாலும் இந்தத் துளைகளைப் போட்டுவிடுங்கள். ஒற்றை சிலிண்டரைக் கட்டும் கேம் பேண்ட் நுழையும் நீள்துளைகளை மட்டும் விங்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் துளைகளுக்கு நேராகக் குறியுங்கள். தகட்டை முதலில் செய்துவிட்டு விங் தேடினால் கடை கடையாக அலைய வேண்டும்.

மற்ற அளவுகளுக்கு, டைவிங் நண்பர் ஒருவரின் பேக்பிளேட்டைக் கடன் வாங்கி அட்டையில் வரைந்தெடுப்பதே உத்தமம். மடிப்பின் கோணத்தையும் அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். லேசரில் தட்டையாக வெட்டி, பிறகு பிரஸ் பிரேக்கில் மடிப்பார்கள். 279 மி.மீ. மடிப்புக்கு இணையாக ஓடுவதால் மாறாது. தோள் நாடாத் துளைகள் மடித்த பிறகு உள்ளே நகரும். அதற்கு இடம் விட்டு வரையச் சொல்லுங்கள். எம்.எஸ். (சாதா இரும்பு) தகட்டைவிட எஸ்.எஸ். அதிகமாகத் திரும்பி விரியும். ஆகவே அதே தகட்டின் ஒரு துண்டை முதலில் மடித்து, எத்தனை டிகிரி விரிகிறது என்று பார்த்துவிட்டு அசல் வேலையில் கை வைக்கட்டும். மேட்டுக்குப் பதிலாகப் பட்டை வைத்து வெல்டிங் பண்ணலாமா என்று மச்சான் கேட்பார். வேண்டாம். துரு முதலில் பிடிப்பது அந்த வெல்டிங் ஓரத்தில்தான்.

50 மி.மீ. நாடாவுக்கு 55 மி.மீ. நீளம், 8 முதல் 10 மி.மீ. அகலத்தில் துளை விடுங்கள். நான் செய்த முதல் தகட்டில் கச்சிதமாக இருக்கட்டும் என்று 50-க்கே வெட்டினேன். நாடா ஓரம் சுருண்டு துளைக்குள் நின்றுகொண்டது, இழுத்தாலும் நகரவில்லை. லேசர் விட்டுப்போன பிசிறையும் சரியாக எடுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு டைவுக்குப் பிறகு வலது தோள் துளையில் பூனை முடி மாதிரி கறுப்பாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பாசி என்று நினைத்தேன். கிள்ளிப் பார்த்தால் நாடாவின் நைலான் இழை. மூன்றில் ஒரு பங்கு அறுந்திருந்தது. பேக்பிளேட் உடைந்து யாரும் கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை, இந்த விளிம்புதான் வில்லன். ஒவ்வொரு துளையையும் இரண்டு பக்கமும் அரத்தால் உருட்டி, எமரித் தாள் போட்டு, கடைசியில் பழைய பனியன் துணியை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். எங்காவது ஒரு நூல் மாட்டினாலும் அரத்தை மறுபடி எடுங்கள்.

எம்.எஸ். தேய்த்த கிரைண்டிங் வட்டை இந்தத் தகட்டின் பக்கம் கொண்டுவரவே கூடாது. அதிலிருக்கும் இரும்புப் பொடி எஸ்.எஸ். மேல் பதிந்து, இரண்டாவது டைவிலேயே டீக்கறை போல் துரு விடும். ‘304 என்று சொல்லி ஏமாற்றிவிட்டான்’ என்று பலர் கடைக்காரரைத் திட்டுவது இதற்காகத்தான், பாவம். புது வட்டு, புது எமரி. எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 80 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில், பிளாஸ்டிக் தொட்டியில், அரை மணி நேரம் ஊறவையுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தான். மேலே ஒட்டிய இரும்பு கரைந்து, எஸ்.எஸ். தன் காப்புப் படலத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளும்.

போல்ட், டி-வளையம் எல்லாம் 316-இலேயே வாங்குங்கள். விங், இன்ஃப்ளேட்டர், ரெகுலேட்டர் மூன்றிலும் சொந்தக் கைவரிசை வேண்டாம்.

கடைசியாக எடை சரிபார்ப்பு. உங்கள் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது கடலில் 0.6 கிலோ போல அமிழும்; காலியானால் 2 கிலோ மிதக்கும். எனவே இறங்கும்போது சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். டைவ் முடிகிற நேரத்தில், 50 பாரில், 5 மீட்டரில், விங்கைக் காலியாக்கிவிட்டு நில்லுங்கள். பையில் 500 கிராம் ஈயத் துண்டுகள் நாலு இருக்கட்டும், கூட வருபவர் ஒவ்வொன்றாகக் கொடுப்பார். எத்தனை துண்டில் மேலே இழுக்காமல் நிற்கிறீர்களோ, அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சானிடம் இரண்டு தகடாக வெட்டச் சொல்லுங்கள். முதல் மடிப்பு பெரும்பாலும் கோணும்.