கரடி பொம்மை கற்றுத்தந்த பாடம்

பத்தாம் வகுப்பு மாணவி

'கண்ணால் காண்பதும் பொய். காதால் கேட்பதும் பொய். தீர விசாரிப்பதே மெய்' என்பது முன்னோர் வாக்கு. தொலைக்காட்சிச் செய்தியை நாம் கண்ணாலும் காண்கிறோம், காதாலும் கேட்கிறோம். ஆகவே இரட்டிப்பாக நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையைச் சிரிக்கச் சிரிக்கச் சோதித்துப் பார்த்த ஓர் ஆங்கிலத் தொடரைப் பற்றித் தோழியருக்குக் கூற விரும்புகிறேன்.

தொடரின் பின்னணி

இங்கிலாந்தில் 'சானல் 4' தொலைக்காட்சியில் 1990 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரையிலான ஆண்டுகளில் ஆறு பருவங்களாக ஒளிபரப்பானது 'டிராப் த டெட் டாங்கி' என்னும் நகைச்சுவைத் தொடர். ஆண்டி ஹாமில்டன், கய் ஜென்கின் என்ற இருவர் இதனைப் படைத்தனர். 'செத்த கழுதையை நீக்கிவிடு' என்பது பெயரின் பொருள். நேரம் போதாதபோது எந்தச் செய்தியைத் தள்ளுவது என்று கடைசி நிமிடத்தில் எழும் கூச்சலை அது நினைவூட்டுகிறது.

கதை நிகழும் 'குளோப்லிங்க் நியூஸ்' நிறுவனம் கற்பனையே. ஆயினும் அங்குள்ளோர் பேசிக்கொள்வது அவ்வப்போது நாட்டில் நடந்த உண்மைச் செய்திகளை. அதற்காகவே ஒவ்வொரு பகுதியையும் ஒளிபரப்பு நாளுக்கு மிக நெருக்கத்தில் பதிவு செய்தார்கள்.

பாத்திரங்கள்

சர் ராய்ஸ்டன் மெர்ச்சன்ட் என்ற பெருஞ்செல்வர் நிறுவனத்தை வாங்குகிறார். அவருடைய நிர்வாகி கஸ் ஹெட்ஜஸ், செய்தியில் தலையிடமாட்டேன் என்று காட்டிக்கொண்டே எல்லாவற்றிலும் தலையிடுகிறார். செய்தி ஆசிரியர் ஜார்ஜ் டென்ட் நல்லவர், நியாயம் அறிந்தவர். எதிர்த்து நிற்கத்தான் துணிவில்லை. செய்தி வாசிப்போராகிய ஹென்றிக்கும் சாலிக்கும் ஓயாத போட்டி.

இவர்களுள் என்னைச் சிந்திக்க வைத்தவன் களச் செய்தியாளன் டேமியன் டே. விபத்தோ போரோ நடந்த இடத்தில் பார்ப்போர் மனம் உருகவேண்டும் என்பதற்காக ஒரு குழந்தையின் கரடி பொம்மையை அவனே கொண்டுபோய் வைத்துப் படம் எடுப்பான்! நம் ஊரில் பொய் சொல்பவரைக் 'கரடி விடுகிறார்' என்போம். டேமியனோ கரடியைக் கையிலேயே கொண்டு திரிகிறான்.

சிரிப்புக்குள் சிந்தனை

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இடிந்த வீடு உண்மை. அங்குள்ளோர் துயரமும் உண்மை. பொய் அந்தப் பொம்மை மட்டுமே. முழுப் பொய்யை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். உண்மையின் நடுவே வைக்கப்பட்ட சிறு பொய்யையோ கண்ணீரோடு ஏற்றுக்கொள்கிறோம்.

அங்கதம் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படும் என்கிறது தொல்காப்பியம். வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. மறைத்துப் பழிப்பது பின்னது. கற்பனை நிறுவனத்தைக் காட்டி உண்மையான செய்தி நிறுவனங்களைக் குத்தும் இத்தொடரைப் பழிகரப்பு என்று சொல்லத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவில் 1994-இல் தொடங்கிய 'ஃபிரண்ட்லைன்' என்ற தொடரும் இவ்வகையே. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அது மேல்நிலை மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கப்பட்டிருந்தது.

என் பொம்மை

டேமியனைப் பார்த்துச் சிரித்த எனக்குச் சற்று நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்று வந்தது. அறிக்கை எழுதியவள் நான். 'எங்களைக் கண்டதும் பாட்டிமார் அனைவரும் கண்ணீர் மல்கினர்' என்று எழுதினேன். காலை வழிபாட்டில் அதைப் படித்தபோது எல்லோரும் கைதட்டினர்.

உண்மையில் அங்கே எவரும் அழவில்லை. ஒரு பாட்டி என் பின்னலைப் பிடித்துப் பார்த்து, "ஏண்டி பொண்ணே, தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டியா?" என்று கடிந்துகொண்டார். பிறகு தம் எண்ணெயையே எடுத்துத் தடவி, அவிழ்த்துப் பின்னிவிட்டார். என் அறிக்கையில் அந்தப் பாட்டிக்கு இடமில்லை. நான் வைத்த கண்ணீர் அவரை மறைத்துவிட்டது. பொய்யைச் சேர்த்ததைவிட, உண்மையான ஒருவரை வெளியே தள்ளியதே எனக்கு இன்று வருத்தமாக இருக்கிறது.

முடிவுரை

தோழியரே, செய்தி பார்க்கும்போது 'இது யார் வைத்த பொம்மை?' என்று கேட்போம். நாம் எழுதும்போதோ, அக்கேள்வியை முதலில் நம்மிடமே கேட்போம். எண்ணெய் தடவிய அந்தப் பாட்டியை ஓராண்டு தாமதமாகவேனும் இம்மலரில் எழுதிவிட்டேன்.