கொக்கு வயலுக்கு எதுக்கு வருது? – கொள்ளுகுடிப்பட்டியில் படித்த பாடம்

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பதினாறு பேர் ஒரு வேன் பிடித்து சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போய் வந்தோம். பாதிப் பேர் பறவை நோக்கும் நண்பர்கள். மீதிப் பேர் விவசாயிகள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று நெல்லும் வாழையும் வச்சிருக்கிற நானும் அதில் ஒருத்தன்.

உசிலம்பட்டி தாண்டும்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார்: "ஏன் சார், கொக்கு நாத்தை மிதிக்குது, கண்மாய் மீனைத் தின்னுது. அதைப் பாக்க இம்புட்டுத் தூரம் போகணுமா?" நியாயமான கேள்விதான். நம்மில் பலருக்கும் உள்ள கேள்வி. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண்மாய்தான் சரணாலயம்

மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகிற சாலையில் இருக்கிறது கொள்ளுகுடிப்பட்டி. பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று ஊர்க் கண்மாய்களையும் சேர்த்து 1977இல் அரசு சரணாலயமாக அறிவித்தது. மொத்தம் 38 ஹெக்டேர், அதாவது சுமார் 95 ஏக்கர். மூன்றுமே பாசனக் கண்மாய்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. விவசாயிக்கு வெட்டிய கண்மாயில்தான் பறவை குடும்பம் நடத்துது.

மழை பெய்து கண்மாய் நிரம்பியதும் பறவைகள் வந்து கூடு கட்டும். நாங்கள் போனது கடைசிக் கட்டம். தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும், வளர்ந்த குஞ்சுகளும். நீர்க்காகம், வக்கா, வெள்ளை அரிவாள் மூக்கன், சாம்பல் நாரை எல்லாம் கண்ணில் பட்டன.

இந்த ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சத்தத்தில் பறவை மிரண்டு கூட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக. பிள்ளைகள்கூட இதை ஏற்றுக்கொண்டு வளர்கிறார்கள் என்றால், பறவையை ஊர்ச் சொத்தாக நினைக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

எச்சம் என்கிற உரம்

இப்படி நினைத்தவர்கள் இவர்கள் மட்டும் இல்லை. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். காரணம் பக்தியோ அழகோ மட்டும் அல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் பயிர் செழிப்பாக வந்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

கணக்கு எளிது. நத்தை, நண்டு, மீன், தவளை, பூச்சி எல்லாம் புரதம். அதைத் தின்ற பறவையின் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய. பகலில் சுற்றுவட்டார வயல்களில் மேய்ந்துவிட்டு, கண்மாய் மரத்தில் வந்து அடையுது. வயலில் எடுத்ததைக் கண்மாயில் வரவு வைக்குது. மடை திறந்தால் அது மறுபடி வயலுக்கு வந்துவிடும். தண்ணீர் ரொம்பக் குறைந்து எச்சம் மட்டும் கூடினால் பாசி பிடித்து நாறும் என்பதும் உண்மை. ஆகவே கண்மாயில் தண்ணீர் நிற்கணும். வரத்துக் கால்வாய் அடைபட்டால் உரமும் கிடையாது, பறவையும் கிடையாது.

எது என்ன தின்னுது?

நத்தைகுத்தி நாரை: நத்தைதான் முக்கிய உணவு. மூடினாலும் நடுவில் இடைவெளி விடுகிற அலகு அதற்கென்றே அமைந்தது.

உண்ணிக்கொக்கு: மாட்டுக்கும் டிராக்டருக்கும் பின்னாலேயே நடந்து, கிளம்புகிற வெட்டுக்கிளியையும் புழுவையும் பிடிக்கும்.

மடையான்: வரப்போரத்தில் அசையாமல் நின்று நண்டு, தவளை, பூச்சி பிடிக்கும். வரப்பைத் துளைக்கிற நண்டு குறைந்தால் தண்ணீர் ஒழுகுவதும் குறையும்.

கரிச்சான்: உயரத்தில் உட்கார்ந்து, பறக்கிற அந்துப்பூச்சியைப் பிடிக்கும்.

கூகை: ராத்திரி எலி பிடிக்கும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதையும் தள்ள முடியாது. ஒற்றை நாற்று நட்ட வயலில் கொக்கு மிதித்தால் நாற்று சாயத்தான் செய்யும். அந்தத் தொல்லை நாற்று வேர் பிடிக்கிற வரைக்கும்தான், பத்துப் பன்னிரண்டு நாள். வயல் மூலையில் கொஞ்சம் நாற்று கூடுதலாக வைத்துக்கொண்டால் போக்கிடம் நிரப்பிவிடலாம். மிச்ச நாளெல்லாம் அது நமக்குச் சம்பளம் வாங்காத ஆள்.

நம் பள்ளத்தாக்கில் என்ன நடக்குது?

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையுது. ஒரு வயலில் வடிகிற தண்ணீர் அடுத்த வயலுக்கும், வாய்க்காலுக்கும், கண்மாய்க்கும், கடைசியில் ஆற்று வழியாக வைகை அணைக்கும் போகுது. என் வயலில் போட்ட விஷம் என் வரப்போடு நிற்காது.

முக்கியமாகக் கார்போபியூரான் குருணை. சிறு பறவைக்கு ஒரு குருணையே எமன். விஷம் ஏறிய புழுவைத் தின்கிற பறவையும் சாகும். அமெரிக்காவில் 1990களில் இதன் குருணை வடிவத்தைப் பெரும்பாலும் நிறுத்தியதற்குப் பறவைச் சாவுதான் முக்கியக் காரணம். பூச்சியைத் தின்ன வந்த பறவையைக் கொன்றுவிட்டு, அடுத்த போகத்தில் பூச்சிக்கு மறுபடி மருந்து வாங்குகிறோம். வட்டி கட்டியே அசல் தீராத கடன் மாதிரிதான் இது.

செய்ய வேண்டியவை

1. நட்ட இரண்டு வாரத்தில், ஏக்கருக்கு 20 பறவை தாங்கி நடுங்கள். பயிரை விட ஒரு முழம் உயரமாக, குறுக்குக் குச்சி கட்டிய கம்பு போதும். கதிர் பால் பிடிக்கும்போது பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தானியம் தின்கிற குருவிக்கு அது திண்ணையாகிவிடும்.

2. பொலியில் நிற்கிற பழைய மரத்தை வெட்டாதீர்கள். கூகையும் ஆந்தையும் குடியிருப்பது அதன் பொந்தில்தான்.

3. உங்கள் ஊர்க் கண்மாயைத் தூர் வாரும்போது, மண்ணில் கொஞ்சத்தை உள்ளேயே திட்டாகக் குவித்து நாட்டுக் கருவேலம் நடச் சொல்லுங்கள். சீமைக் கருவேலத்தை எடுக்கிறோம் என்று கூடு இருக்கிற மரத்தையும் சேர்த்துச் சாய்க்க விடாதீர்கள். அந்த வேலையைக் கூடு காலியான பிறகு வைத்துக்கொள்ளலாம்.

4. வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே வரப்பில் கால் மணி நேரம் நில்லுங்கள். எந்தப் பறவை, எத்தனை, என்ன செய்தது என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டு போகம் எழுதினால், பூச்சி கூடுகிற வாரமும் பறவை கூடுகிற வாரமும் பொருந்துதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. ஈபேர்ட் செயலியில் யார் வேண்டுமானாலும் பதியலாம். கணக்கு எழுதுகிறவர்களில் விவசாயிகள் குறைவு. பறவைகள் அதிகம் மேய்வதோ நம் வயலில். வருகிற பொங்கலுக்கு மாட்டுக்குப் பொங்கல் வைத்த கையோடு, வரப்பில் போய்க் கால் மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள்.