தெருவின் அகலம் எவ்வளவு?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன மாதம் என்னிடம் வந்தார். வீட்டுக்கு மேல் மாடி கட்ட ஆசை. "தெரு ரொம்பக் குறுகல், நீங்க நினைக்கிற அளவுக்குக் கட்ட முடியாதுன்னு சொல்லிட்டாங்க தம்பி" என்றார். அவரே டேப் பிடித்து அளந்த கணக்கு ஒரு தாளில் இருந்தது: 5.40 மீட்டர்.

நேரில் போய்ப் பார்த்தேன். அவர் அளந்தது தார் போட்ட பகுதியை மட்டும். இருபுறமும் மழைநீர் வடிகால், ஒரு பக்கம் நடைபாதை. இவற்றையெல்லாம் அவர் தெருவாகவே நினைக்கவில்லை. நாம் யாருமே நினைக்க மாட்டோம். ஆனால் கட்டட விதிகளில் 'சாலை அகலம்' என்பது நடைபாதை, வடிகால் உட்பட எல்லைக்கு எல்லை அளப்பது. அதுவும் சாலையின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக. எஃப்.எம்.பி. (நில அளவைப் புத்தக) ஸ்கெட்சோடு ஒப்பிட்டு எல்லைகளைக் கண்டுபிடித்து அளந்தால் 7 மீட்டரைத் தாண்டியது.

இந்த விதிகளை, அதாவது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ஐக் கையில் எடுப்பவர்கள் நேராகத் தங்களுக்கு வேண்டிய அட்டவணைக்குத் தாவிவிடுகிறார்கள். தயவுசெய்து முதலில் சொல்விளக்கப் பகுதியைப் படியுங்கள். உயரம் என்றால் எங்கிருந்து எதுவரை, மொட்டைமாடிப் படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் அதில் சேருமா, எஃப்.எஸ்.ஐ. (தளப்பரப்புக் குறியீடு) கணக்கில் எந்தப் பரப்பை விட்டுவிடலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அங்கே பொருள் சொல்லப்பட்ட சொல்லுக்கு அகராதியைப் புரட்டக் கூடாது. அங்கே இல்லாத சொல்லுக்கு 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால்தான் வழக்கில் உள்ள பொருள்.

ஆங்கில மூலத்தில் விளக்கம் 'மீன்ஸ்' என்று தொடங்குகிறதா, 'இன்க்ளூட்ஸ்' என்று வருகிறதா என்பதையும் கவனியுங்கள். முதலாவது அடைத்த வேலி. சொன்னது மட்டுமே உள்ளே. இரண்டாவது, சொல்லின் இயல்பான பொருளோடு இன்னும் சிலவற்றைச் சேர்க்கிறது. இரண்டும் இணைந்து 'மீன்ஸ் அண்ட் இன்க்ளூட்ஸ்' என்று வந்தால் பட்டியல் அங்கேயே முடிந்துவிடும். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

அந்த 1971 சட்டத்தில் 'வளர்ச்சி' என்ற சொல்லையே பாருங்கள். கட்டுவது மட்டுமல்ல, நிலத்தையோ கட்டடத்தையோ பயன்படுத்தும் விதத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதும் அதற்குள் அடங்கும். குடியிருந்த வீட்டை ஒரு செங்கல்கூட வைக்காமல் கிளினிக் ஆக்கினாலும் அனுமதி பற்றிய கேள்வி எழும். அதே விளக்கத்தின் கீழே விலக்குகளும் உண்டு. பாதியில் நிறுத்தாமல் அதையும் படியுங்கள்.

"பட்டாவில் நத்தம்னு இருக்கே, அப்புறம் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். நத்தம், நஞ்சை, புஞ்சை எல்லாம் வருவாய்த் துறையின் வகைப்பாடு. முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) உங்கள் சர்வே எண் எந்த நிலப்பயன்பாட்டு மண்டலத்தில் வருகிறது என்பது வேறு. பட்டாவை நம்பி முன்பணம் கொடுத்துவிட்டுக் கலங்கி நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. நிலம் வாங்கும் முன்பே மண்டல விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2019-க்குப் பிறகு இந்த விதிகள் பலமுறை திருத்தப்பட்டுள்ளன. யாரோ அனுப்பிய பழைய பி.டி.எஃப்.-ஐ வைத்துப் பிளான் போடாதீர்கள். யாராவது முடியாது என்றால் எந்த விதி, எந்த உட்பிரிவு, எந்தச் சொல் தடுக்கிறது என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் இப்போது புதிய அளவுகளோடு, 'சாலை அகலம்' விளக்கத்தின் நகலையும் முதல் பக்கத்திலேயே இணைத்து மனு கொடுத்திருக்கிறார்.