முன்னால் சாலை காலி. பலகை ஏன் 60 என்கிறது?

பொங்கல் விடுமுறை முடிந்து சென்னை திரும்பும்போது ஜி.எஸ்.டி. சாலையில் மாட்டியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். வெகுநேரம் ஊர்ந்தபின் நெரிசல் சட்டென்று விட்டுவிடும். விபத்தோ பழுதான லாரியோ எதுவும் கண்ணில் படாது.

பெரும்பாலும் காரணம் பிரேக்தான். ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். குறுக்கே எதுவும் வராத பாதையிலும் சற்று நேரத்தில் கார்கள் நின்று நின்று நகர்ந்தன. ஒருவர் லேசாக மிதிக்க, பின்னால் வருபவர் கொஞ்சம் அழுத்தி மிதிக்க, பத்து வண்டி தள்ளி ஒருவர் நின்றேவிடுகிறார். அந்தத் தேக்கம் அலைபோலப் பின்னோக்கி நகர்கிறது.

இதை முன்கூட்டியே தணிப்பதுதான் நவீனப் போக்குவரத்து மேலாண்மையின் முக்கிய வேலை. சாலையில் பதித்த உணரிகளும் கேமராக்களும் தேக்கத்தைக் கண்டதும், பல கிலோமீட்டர் பின்னாலேயே மின்பலகை வேகத்தைக் குறைக்கச் சொல்லும். லண்டனைச் சுற்றும் எம்25 சாலையில் 1995 முதலே இந்த ஏற்பாடு உண்டு. எனவே பலகை 60 என்றால், எதிரே சாலை காலியாகத் தெரிந்தாலும் 60-இலேயே போங்கள். முன்வண்டிக்கும் உங்களுக்கும் குறைந்தது மூன்று விநாடி இடைவெளி விடுங்கள். அந்த இடத்தில் இன்னொருவர் புகுந்தால் புகட்டும்.

சர்வீஸ் சாலையிலிருந்து கூட்டமாக முட்டி ஏறுவதுதான் நம் ஊரில் பெரிய தொல்லை. அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் பகுதியில், ஏறும் வழிகளில் ஒவ்வொரு வண்டியாக விடும் சிக்னல்கள் இருந்தன. வாகன ஓட்டிகள் முணுமுணுத்ததால் 2000-இல் சில வாரங்கள் நிறுத்திப் பார்த்தார்கள். விபத்துகள் 26 சதவீதம் கூடின. பயண நேரமும் கூடியது. சிக்னல்கள் திரும்ப வந்தன. நம் நெடுஞ்சாலைத் துறையினர் இன்னொரு தடம் போடும் முன் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். செலவும் குறைவு, நிலமும் எடுக்க வேண்டாம்.

பரனூர் போன்ற சுங்கச்சாவடியில் ஒரே ஒரு வண்டியின் ஃபாஸ்டேகில் பணம் இல்லாவிட்டால் போதும், அந்த வரிசையே நின்றுவிடும். சாவடிக்கு முன்னால் ரீசார்ஜ் செய்தால் கணக்கில் ஏறத் தாமதமாகலாம். முந்தைய இரவே பார்த்துவிடுங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுதானால் ஓரம் கட்டிவிட்டு, ஆட்கள் தடுப்புக்கு அப்பால் நின்று, 1033-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண் இது. கிளம்பும் முன்பே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.