பாதி ஆண்டு முடிந்த வேளையில்: ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

நம் ஊரில் அரையாண்டுத் தேர்வு என்றால் மார்கழிக் குளிரும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் நினைவுக்கு வரும். தில்லியில் கணக்கே வேறு. ஏப்ரல் மாதம் வகுப்புகள் தொடங்கிவிடுவதால் செப்டம்பரிலேயே ஆண்டு பாதி முடிந்து போகிறது. கொலுப் பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கும் சமயத்தில் திருத்திய விடைத்தாள்களும் வீட்டுக்கு வந்து சேருகின்றன. ஊரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த குடும்பங்கள் "இன்னும் நாள் இருக்கிறதே" என்று இருந்துவிட்டுப் பிப்ரவரியில் தவிப்பதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். இங்கே நடுநிலை வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் சில செய்திகளை நினைவூட்ட விரும்புகிறேன்.

முதலாவதாக, மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், விடைத்தாளைப் பாருங்கள். 100-க்கு 54 என்ற எண்ணால் நமக்கு ஒன்றும் தெரியாது. அந்த 46 எங்கே போயிற்று என்று பார்த்தால்தான் விளங்கும். கணக்கில் போன மதிப்பெண் பெரும்பாலும் குறை எண்களிலும் பின்னங்களிலும் இருக்கும். ஆறாம் வகுப்பில் பின்னம் தடுமாறிய பிள்ளைக்கு எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் தடுமாறும். இதற்கு டியூஷன் அவசியமில்லை. தினமும் இரவு உணவுக்குப் பின் பத்துக் கணக்கு, பக்கத்தில் உட்கார ஒரு ஆள், அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளுக்கே உரிய சங்கடம் இந்திப் பாடத்தில் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "தெருவில் நன்றாகத்தானே இந்தி பேசுகிறான், தேர்வில் ஏன் 40 வாங்குகிறான்?" என்று கேட்காத தமிழ்த் தாயை நான் சந்தித்ததில்லை.

தமிழில் உயிரற்ற பொருள்கள் எல்லாம் அஃறிணை. சுவரும் விழுந்தது, கதவும் விழுந்தது, மேசையும் விழுந்தது. இந்தியில் அஃறிணை என்ற பிரிவே கிடையாது. ஒவ்வொரு பொருளும் ஆணாகவோ பெண்ணாகவோ இருந்தாக வேண்டும். கிதாப் பெண்பால், காகஸ் ஆண்பால். கிட்கீ பெண்பால், தர்வாஸா ஆண்பால். 'ஈ' என்று முடிந்தால் பெண்பால் என்று ஒரு விதியைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பானீ, கீ, மோதீ, தஹீ, ஹாதீ எல்லாம் அந்த விதியை மீறிய ஆண்பால் சொற்கள். நம் குழந்தை செய்யும் பிழைக்குக் காரணம் சோம்பல் அன்று. ஒரு சொல்லைக் கற்கும்போதே அதன் பாலையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் தாய்மொழி சொல்லித் தராத பழக்கம். இதற்கு நான் வகுப்பில் கையாண்ட வழி மிக எளியது: நோட்டில் எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாக எழுதக் கூடாது. 'மேரீ கிதாப்', 'மேரா கர்', 'மேரீ மேஜ்', 'டண்டா பானீ' என்று முன்னே ஒரு சொல்லைச் சேர்த்தே எழுத வேண்டும். மூன்று மாதத்தில் காது பழகிவிடும்.

அடுத்தது 'னே'. இறந்த காலத்தில் செயப்படுபொருள் குன்றாவினை வந்தால் எழுவாயோடு 'னே' சேர்கிறது. வினையோ செய்தவரை விட்டுவிட்டுச் செய்யப்பட்ட பொருளின் பின்னால் போகிறது. ஆண் பிள்ளை ரொட்டி தின்றாலும் 'லட்கே னே ரோட்டீ காயீ'. பெண் பிள்ளை ஆப்பிள் தின்றாலும் 'லட்கீ னே சேப் காயா'. "அவன் தின்றான், அவள் தின்றாள்" என்று ஆளைப் பார்த்தே வினையை முடித்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். இந்த விதி பிடிபட்ட பிறகு பிள்ளைகள் எல்லா இடத்திலும் 'னே' போடத் தொடங்குவார்கள். லானா, பூல்னா, போல்னா ஆகிய வினைகளுக்கு அது வராது என்பதையும் அப்போது சொல்லித் தர வேண்டும்.

மூன்றாவது, எழுத்துப் பிழை. 'கானா' என்று தமிழில் எழுதினால் சாப்பாடும் அதுதான், பாட்டும் அதுதான். இந்தியில் அவற்றுக்கு வேறு வேறு எழுத்துகள். அகராதியைத் தமிழெழுத்தில் குறித்து மனப்பாடம் செய்யும் பிள்ளை கட்டாயம் இடறும். வீட்டில் யாருக்கும் இந்தி எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையே உரக்கப் படித்து, ஒரு பக்கத்தைப் புத்தகம் மூடி எழுதி, தானே ஒப்பிட்டுத் திருத்தட்டும்.

இதையெல்லாம் சொல்லும்போது தமிழை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பிலேயே கிடைக்கிறது. பிற பள்ளிகளில் படிப்போருக்கு வீடும் சங்கத்து வகுப்பும்தான். 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என மூன்று படிகளில் சான்றிதழ்க் கல்வி நடத்துகிறது, அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் பெற்றோர் ஒன்பதாம் வகுப்பில் எந்தெந்த மொழிகள் தொடரும் என்பதை இப்போதே பள்ளியில் கேட்டுக்கொள்வது நல்லது. மார்ச்சில் கேட்டால் வகுப்பு நிரம்பிவிட்டது என்பார்கள்.

ஊரில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ "எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போட மாட்டாங்க" என்று தொலைபேசியில் ஆறுதல் சொல்லியிருப்பார். அவர் சொல்வது தமிழ்நாட்டுக்குச் சரி. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது நாடெங்கும் அதுதான் நிலை. ஆனால் 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவரை நிறுத்தி வைக்கலாமா என்று முடிவு செய்யும் உரிமை அரசுகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு அதற்கான விதிகளை வெளியிட்டது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளை அது கட்டுப்படுத்தும். தமிழ்நாடு பழைய முறையே தொடரும் என்று அறிவித்துவிட்டது. தில்லியோ நிறுத்தி வைக்கும் முறையை ஏற்றுக்கொண்ட இடங்களுள் ஒன்று. தேர்ச்சி பெறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி தந்து, முடிவு வெளியான இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தவறினால்தான் அதே வகுப்பு. பள்ளியை விட்டு நீக்க முடியாது. ஆகவே பயப்படத் தேவையில்லை, ஆனால் மாமா சொன்னதை நம்பி இருந்துவிடவும் கூடாது.

புத்தகங்களைப் பற்றி ஒரு வரி. அக்காவின் பழைய புத்தகத்தைத் தம்பிக்கு வைத்திருக்கும் நல்ல பழக்கம் நம் வீடுகளில் உண்டு. என்.சி.இ.ஆர்.டி. ஆறாம் வகுப்புக்கு 2024-லும், ஏழு எட்டு வகுப்புகளுக்கு 2025-லும் புதிய புத்தகங்களைக் கொண்டுவந்துவிட்டது. வரலாறு, புவியியல், குடிமையியல் என மூன்றாக இருந்தவை ஒரே சமூக அறிவியல் நூலாகிவிட்டன. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு பாதி ஆண்டை ஓட்டிய பிள்ளைகள் இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

இனி, எழுத வந்த முக்கியமான விஷயம். பிள்ளையின் பெயர்.

நமக்கு ஒரு பெயரும் அதன் முன் ஓர் எழுத்தும் போதும். இங்குள்ள படிவங்களுக்கு அது போதாது. முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். நமக்கோ மூன்றாவது கட்டத்தில் போட ஒன்றும் கிடையாது. என் மூத்த மகனைப் பள்ளியில் சேர்த்தபோது எழுத்தர் தலைப்பெழுத்துகளை விரித்துச் சொல்லச் சொன்னார். என் கணவர் ஒழுங்காக விரித்துச் சொன்னார். எங்கள் வீட்டு வழக்கப்படி முதல் எழுத்து ஊர்ப்பெயர். அதன் பலனாக என் மகனின் குடும்பப்பெயர் 'கும்பகோணம்' ஆயிற்று. வருகைப் பதிவில் ஆசிரியர்கள் "கும்பகோணம்!" என்று கூப்பிட, அவன் எழுந்து நிற்பான். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் அப்படியே அச்சாகி வந்தது. கடவுச்சீட்டு எடுத்தபோது தகப்பனார் பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டோம். பிறகு அவன் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது, சான்றிதழில் இருப்பவனும் கடவுச்சீட்டில் இருப்பவனும் ஒருவன்தானா என்று கேட்டார்கள். பிரமாணப் பத்திரம், இரண்டு செய்தித்தாள்களில் விளம்பரம், அரசிதழ் அறிவிப்பு என ஏழு மாதம் அலைந்தோம். அந்த வேலை அவனுக்காகக் காத்திருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பெயரைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு தாள் வீட்டுக்கு வந்தது. அதில் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். அன்று என் மேசையில் மற்றவர் பிள்ளைகளின் நாற்பது விடைத்தாள்கள் இருந்தன.

அந்தத் தாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவரின் பெயர், தாய் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைப் பள்ளி வாரியத்துக்குப் பதிவு செய்துவிடுகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அதையொட்டியே அச்சாகிறது. பள்ளியோ தன் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளபடியே அனுப்பும். ஆகவே அந்தப் பதிவேட்டைத் திருத்த உகந்த காலம் எட்டாம் வகுப்பு முடிவதற்குள்தான். அதன் பிறகும் வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். பெயர் திருத்தக் கோரிக்கைகளை வாரியம் நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் இன்று ஒரு விண்ணப்பத்தில் முடிவதை நாளை ஏன் அலைந்து முடிக்க வேண்டும்?

வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி மதிப்பெண் அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கிறதா? பான் அட்டை விண்ணப்பத்தில் தலைப்பெழுத்துகளை ஏற்பதில்லை. எனவே பிள்ளை என்றைக்காவது விரித்தே ஆக வேண்டும். விரிப்பதென்றால் தகப்பனார் பெயரா, ஊர்ப்பெயரா என்பதை வீட்டுப் பெரியவர்களோடு இப்போதே முடிவு செய்யுங்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஆங்கிலத்தில் அண்ணன் 'என்' என்ற எழுத்தில் முடியும் சுப்பிரமணியனாகவும், தங்கை 'எம்' என்ற எழுத்தில் முடியும் சுப்பிரமணியமாகவும் இருக்கும் வீடுகள் பல எனக்குத் தெரியும். அம்மாவின் பெயரையும் பாருங்கள். திருமணத்துக்கு முன் தகப்பனார் எழுத்து, பின் கணவர் எழுத்து என்று அவளுக்கு இரண்டு பெயர் இருப்பது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். பிள்ளையின் பதிவேட்டில் இருப்பது அவளுடைய ஆதாரோடு பொருந்த வேண்டும். மாணவர்களுக்கு வழங்கப்படும் 'அபார்' அடையாள எண்ணுக்கும் பள்ளிப் பதிவும் ஆதாரும் ஒத்திருக்க வேண்டும் என்பதால், பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் வந்தால் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

திருத்தம் வேண்டுமென்றால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். முதல்வர் பெயருக்கு விண்ணப்பம் எழுதி, பிறப்புச் சான்றிதழ் நகலை இணைத்து, அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கி வாருங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னுமொன்று. தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் திட்டத் தேர்வு எட்டாம் வகுப்பில்தான் எழுத முடியும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோர் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகாமலும், ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிப்போருக்கே இது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா, தனியார் பள்ளி மாணவருக்கு இல்லை. தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் அரசு உதவி பெறுபவை என்பதை அங்குள்ள பெற்றோர் கவனிக்கவும். மனத்திறன் தேர்வு, படிப்பறிவுத் தேர்வு என்று 90 நிமிடத்தில் 90 கேள்விகள் கொண்ட இரண்டு தாள்கள். மனத்திறன் தாளுக்குப் பாடப்புத்தகம் உதவாது. பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். வருமானச் சான்றிதழ் வாங்க நாளாகும், இப்போதே விண்ணப்பியுங்கள்.

தீபாவளிக்குப் பின் காற்று கெட்டுப் பள்ளிகளை மூடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. 2023 நவம்பரில் குளிர்கால விடுமுறையின் ஒரு பகுதியையே முன்கூட்டி விட்டார்கள். 2024 நவம்பரில் வகுப்புகள் இணைய வழிக்கு மாறின. அந்த நாள்களை ஊருக்குப் போகும் விடுமுறையாக எண்ணி ரயில் சீட்டு எடுத்துவிடாதீர்கள். வீட்டிலிருந்தே பாடம் நடக்கும், வருகையும் எடுப்பார்கள்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குப் போகும்போது விடைத்தாள்களையும், பிறப்புச் சான்றிதழின் நகலையும், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். இந்தி ஆசிரியையிடம் பேசத் தயங்கும் தாய்மார்கள் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லலாம். தன்னைப் பற்றிய குறையைத் தானே மொழிபெயர்க்கும்போது எதை விடுகிறான் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.