தகரப்பெட்டியில் மூன்று பதக்கங்கள்

சென்ற ஆண்டு ஒரு திருமணத்திற்காகப் பாறசாலை சென்றிருந்தேன். பழைய நாணயம், பதக்கம் ஆகியவற்றில் எனக்கு ஈடுபாடு உண்டென்று கேள்விப்பட்ட ஓர் இளைஞர், சிறிய தகரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"சார், இது எங்க அப்பூப்பனுக்க மெடல். பர்மா சண்டைக்குப் போனேன்னு சொல்லுவாரு. கப்பல்ல இருந்தவன் பர்மாவுல எப்படிச் சண்டை போட்டான்னு ஊர்ல எல்லாரும் சிரிச்சாங்க. கடைசி வரைக்கும் அந்த வருத்தம் அவருக்கு இருந்தது" என்றார்.

பெட்டியில் இரண்டு நட்சத்திரங்களும் ஒரு வட்டப் பதக்கமும் இருந்தன. நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழர் வீடுகளில் இப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைப் படிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரங்கள் எல்லாம் ஆறு முனை கொண்ட ஒரே வடிவம். நடு வட்டத்திலுள்ள பெயரையும் நாடாவின் நிறத்தையும் கொண்டே பிரித்தறிய வேண்டும். கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று சமபட்டைகள் இருந்தால் அது 1939–45 நட்சத்திரம். நிறங்கள் முறையே கடல், தரை, வான் படைகளைக் குறிக்கும். போர்ப்பகுதிக் கடலில் ஆறு மாதம் பணிபுரிந்த மாலுமிக்கு இது உரியது.

அடுத்தது பர்மா நட்சத்திரம். நடுவில் சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்தின் நடுவே செம்மஞ்சள். முடிச்சு அவிழ்வது இங்கேதான். இதைப் பெற மாலுமி பர்மா மண்ணை மிதித்திருக்க வேண்டியதில்லை. முதல் நட்சத்திரத்துக்குத் தகுதி பெற்றபின், 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையுள்ள காலத்தில் வங்காள விரிகுடாவில் பணி செய்திருந்தாலே போதும். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. விரிகுடாவில் பல சரக்குக் கப்பல்கள் மூழ்கின. 1945 ஜனவரியில் அரக்கான் கரையில் படைகள் இறங்கியபோது, இராயல் இந்தியக் கடற்படையின் நர்பதா, ஜம்னா ஆகிய கப்பல்கள் துணை நின்றன. ஆகவே, பர்மாப் போர் கடலிலும் நடந்த போர்தான்.

மூன்றாவது, 1939–45 போர்ப் பதக்கம். பின்புறத்தில் இரட்டைத் தலை டிராகனின்மேல் சிங்கம் நிற்கும். இருபத்தெட்டு நாள் பணிக்கே கிடைப்பதால், இதை மட்டும் வைத்து அதிகம் சொல்ல இயலாது.

இல்லாத பதக்கத்தையும் கவனிக்க வேண்டும். பெரியவர் சீமைக்கும் போய்வந்தார் என்றார் இளைஞர். பெட்டியில் அட்லாண்டிக் நட்சத்திரம் இல்லை. அதனால் போகவே இல்லை என்று முடிவு கட்டலாகாது. அந்தக் கடலில் ஆறு மாதம் போர்ப்பணி செய்ததற்குச் சான்று இல்லை என்பதே சரி.

இரண்டு எச்சரிக்கைகள். நாடாவை மட்டும் நம்பக்கூடாது. இந்தப் பெட்டியிலேயே நாடாக்கள் இடம்மாறிக் கோக்கப்பட்டிருந்தன. பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்கவும் கூடாது. இந்தியப் படையினரின் பதக்கங்களில் வட்டப் பதக்கத்தின் விளிம்பிலும் நட்சத்திரத்தின் பின்புறத்திலும் பெரும்பாலும் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அவை தேய்ந்தால் ஆளே மறைந்துபோவார்.

எந்தக் கப்பலில் இருந்தார் என்பதைப் பதக்கம் சொல்லாது. அதற்குப் படை எண்ணைக் குறிப்பிட்டு, மும்பை மான்கூர்டிலுள்ள கடற்படை மாலுமிகள் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். ஊர்ப் பெயரைக் குறிப்பிடும்போது ஒன்றை மறக்கக்கூடாது. போர்க்காலத்தில் கேரளமும் இல்லை, கன்னியாகுமரி மாவட்டமும் இல்லை. 1956 நவம்பர் 1-இல் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. போர்க்காலத்தில் படையில் சேர்ந்தவருக்கு எல்லையின் இருபுறமும் திருவிதாங்கூரே. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரும் வீட்டுப்பெயரும் பலவிதமாக எழுதப்பட்டிருக்கலாம் என்பதால், எல்லா வடிவங்களையும் தருவது நல்லது.

பெரியவரின் பதக்க விளிம்பிலிருந்த எண்ணைப் பார்த்தெழுதி, விவரத்தை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தேன். இளைஞர் அதைத் தம் தாயாருக்குப் படித்துக் காட்டினார். அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா பொய் சொல்லல்ல" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், இன்றே அந்த எண்ணை எழுதி வையுங்கள்.