அளந்த பின்பே திருகு

சிரஞ்சீவி மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து பட்டறைக்கு வந்திருக்கும் பழைய புரோட்டோன் வீரா, நின்றபடி ஓடுகையில் வேகம் ஏறியும் இறங்கியும் தடுமாறுவதையும், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் திணறிப் பிறகு துள்ளுவதையும் எழுதி, இது த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் கோளாறுதான் என்று எல்லோரும் சொல்வதால் புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவர்கள் ஊகம் சரியாகவே இருக்கலாம். ஆயினும் ஊகம் எவ்வளவு சாமர்த்தியமானதாயினும், பரீட்சையால் அது ருஜுவாகும் வரையில், பிறர் பணத்தைச் செலவிடும் அதிகாரத்தை நமக்குத் தருவதில்லை.

அந்தக் காடி எத்தகையவர் வீட்டுக் காடி என்பதை எண்ணிப் பார். மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டு 1993-ஆம் ஆண்டில் வெளிவந்தது வீரா. பின்னர் நம் பேராக்கிலேயே, தஞ்சோங் மாலிமில், புரோட்டோனின் பெரிய தொழிற்சாலை எழுந்து புதுப்புது மாதிரிகளை அனுப்பிக்கொண்டிருக்கும் இக்காலத்திலும், ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின் லயங்களை விட்டு வெளியேறிப் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் குடியேறிய நம்மவர் பலருடைய வாசலில் அந்தப் பழைய வீராதான் நிற்கிறது. வேலைக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், ஈப்போ மருத்துவமனைக்கும் அவர்களுக்கு அதுவே வாகனம். அநாவசியமாக மாற்றப்பட்ட ஓர் உதிரிபாகத்தின் விலை, அப்படிப்பட்ட குடும்பத்தில் எந்தச் செலவைத் தள்ளிப்போடச் செய்யும் என்பதை நீ அறியாதவன் அல்ல.

இனி அந்தச் சென்சாரின் இயல்பைக் கேள். எஞ்ஜினுக்குள் செல்லும் காற்றை ஆளும் த்ராட்டில் தகடு ஒரு தண்டோடு சுழல்கிறது. அத்தண்டின் நுனியில் பொருத்தப்பட்ட இச்சிறு கருவிக்குள், வளைந்த கார்பன் தடம் ஒன்றின்மீது மெல்லிய உலோக விரல் ஒன்று உரசிச் செல்கிறது. ஒரு வயரில் எஞ்ஜினின் கணினி 5 வோல்ட் அனுப்புகிறது, மற்றொன்று எர்த், மூன்றாவது, விரல் நிற்கும் இடத்துக்கேற்ற வோல்ட்டைக் கணினிக்குத் திருப்பிச் சொல்கிறது. இவை தவிர, கால் எடுக்கப்பட்டிருப்பதை அறிவிக்கும் ஐடில் சுவிட்சுக்கென நான்காவது வயரும் மிட்சுபிஷி வழிவந்த எஞ்ஜின்களில் உண்டு. பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்பொழுது, ஆட்டோ கியரானால் மாறுவது எந்த வேகத்தில் என்பவற்றையெல்லாம் சென்சாரின் சொல்லையும் ஆதாரமாகக் கொண்டே கணினி தீர்மானிப்பதால், சென்சார் பொய் சொன்னால் எஞ்ஜின் அந்தப் பொய்க்குக் கீழ்ப்படிகிறது.

ஆனால் நீ கண்ட அதே லக்ஷணங்களை வேறு சிலவும் காட்டும். வாக்குவம் ஹோஸில் ஒரு வெடிப்பு, த்ராட்டில் வாயில் படிந்த கரி, ஒட்டிக்கொண்ட ஐடில் வால்வு, தகட்டை முழுதும் மூடவிடாமல் இழுத்துப் பிடிக்கும் கேபிள் ஆகிய இந்நான்கையும் முதலில் பார்த்து நிவர்த்தி செய். கணினி தரும் கோளாறு எண்ணையும் தீர்ப்பாகக் கொள்ளாதே. அக்கால மிட்சுபிஷிக் கணினிகளில் 14 என்றும், பிற்காலக் காடிகளில் பி0122, பி0123 என்றும் வரும் எண்கள், அந்த வயரின் வோல்ட் வரம்பை மீறியது என்ற செய்தியை மட்டுமே தருகின்றன. குற்றம் சென்சாரிலா, வயரிலா, பிளக்கிலா என்பதை அவை சொல்வதில்லை.

ஆகவே மீட்டரை எடு. சாவியை ஆன் நிலையில் வைத்து, எஞ்ஜினை ஓடவிடாமல், பிளக்கைக் கழற்றாமலே அதன் பின்புறத்தின் வழியாக மெல்லிய ஊசி முனையைச் செலுத்தி அளந்து பார். வயரின் தோலைக் குத்தாதே, நம் ஊர் மழையில் அந்தத் துளையே நாளைய துருவுக்கு வாசலாகும். முதல் வயரில் 5 வோல்ட் இருக்கிறதா? எர்த் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே ஏறத்தாழப் பூஜ்யம் காட்டுகிறதா? இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் சென்சாரைக் குறைகூற நியாயமில்லை. வயரையும் பிளக்கையும் பின்தொடர்ந்து செல். செம்மண் சாலையில் ஆண்டுக்கணக்கில் குலுங்கிய காடிகளின் பிளக்கைப் பிரித்தால், பின் ஒன்றின் அடியில் பச்சைக் களிம்பு பூத்திருப்பதைக் காண்பது அபூர்வமன்று; அதைத் துடைத்துப் பின்னை இறுக்கியதோடு காரியம் முடிவதும் உண்டு.

இரண்டும் சரியாயிருந்தால் மூன்றாவது வயருக்கு வா. தகடு மூடியிருக்கையில் இவ்வகை எஞ்ஜின்கள் பலவற்றில் 0.4 முதல் 1.0 வோல்ட் வரை இருக்க வேண்டும். பிறகு தகட்டை மிக மெதுவாகத் திறந்துகொண்டே போ; முழுத் திறப்பில் நாலரை வோல்ட்டைத் தாண்டும் வரையில் அந்த அளவு தங்குதடையின்றி ஏற வேண்டும். இதற்கு முள் ஓடும் பழைய மீட்டரே சிலாக்கியமானது; எண் காட்டும் மீட்டர் கணநேர வீழ்ச்சியைக் காட்டாமல் விட்டுவிடக்கூடும், முள்ளோ துடித்துக் காட்டிவிடும். பெரும்பாலும் அந்தத் துடிப்பு, காடி நாள் முழுதும் ஓடும் சிறு திறப்பின் எல்லையிலேயே தோன்றும். விரல் ஓயாமல் உரசும் அவ்விடத்தில்தான் கார்பன் தேய்ந்துபோகிறது. அப்படித் துடித்தால், அந்தச் சென்சாரை எப்பக்கம் திருப்பினாலும் பயனில்லை; அதை மாற்றுவதே தர்மம், அப்போது வாங்கச் சொல்ல நீ தயங்க வேண்டியதுமில்லை.

ஏற்றம் சீராகவும், தொடக்க அளவு மட்டும் பிசகியும் இருந்தால்தான் திருத்தத்துக்கு இடமுண்டு. சென்சாரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் சற்றே தளர்த்து. சேவைப் புத்தகம் சொல்லும் தடிமனுள்ள ஃபீலர் கேஜை த்ராட்டிலின் நிறுத்து திருகுக்கும் அதன் நெம்புகோலுக்கும் இடையே வைத்து, ஐடில் சுவிட்ச் விடுபடும் அந்த இடம் வரையில் சென்சாரைத் திருப்பி இறுக்கு. இறுக்கும்போதே அது நகர்ந்துவிடும் ஆகையால், கேஜை எடுத்த பின் மூடிய அளவையும் முழுத் திறப்பின் அளவையும் மறுபடி பார். நிறுத்து திருகை மட்டும் தொடாதே. அது தொழிற்சாலையில் வைக்கப்பட்ட எல்லை. உன் பாட்டி பால்மரம் வெட்டியதை நீ கேட்டிருப்பாய்: கத்தி மேலோடு போனால் பால் இறங்காது, சற்று ஆழ்ந்தால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள மில்லிமீட்டர் கணக்கான இடத்தை அறிந்த கைக்கே தோட்டத்தில் மதிப்பு. இந்தத் திருத்தமும் அவ்வளவு நுட்பமானது.

புதிய காடிகளில் இந்தத் திருகு வேலைக்கே இடமிராது. பலவற்றில் சென்சார் நிலையாகப் பதிக்கப்பட்டு, மூடிய நிலையைக் கணினியே கற்றுக்கொள்கிறது. கேபிளின்றி மோட்டாரால் தகட்டைத் திறக்கும் வகைக் காடிகளில் இரண்டு சென்சார்கள் ஒன்றையொன்று சோதித்துக்கொள்வதால் அவற்றைத் திருத்த முயல்வது ஆபத்து. சாவி ஆன் நிலையில் அத்தகட்டுக்குள் விரலை விடுவது அதனினும் ஆபத்து.

யந்திரத்தை நேசிப்பது நல்ல குணம். அந்த யந்திரத்தை நம்பி வாழ்பவரை நேசிப்பது அதனினும் உயர்ந்தது. காடிக்காரர் வோல்ட் அறியாதவராயிருக்கலாம். அதனாலேயே உன் பொறுப்பு இரட்டிப்பாகிறது. அளந்ததை ஒரு காகிதத்தில் எழுதி அவரிடம் காட்டி, இதனால் மாற்றினேன், அல்லது இதனால் மாற்றவில்லை என்று சொல்லும் பழக்கத்தை இன்றே தொடங்கு. அந்த வீராவின் 5 வோல்ட் வயரிலும், எர்த்திலும், மூடிய நிலையிலும், முழுத் திறப்பிலும் நீ கண்ட அளவுகளை அடுத்த கடிதத்தில் எனக்கும் எழுது. அவற்றைப் பார்த்த பின்பு, புதியது வாங்குவதைப் பற்றிப் பேசுவோம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா